பீபீ தீவுகளும் அவற்றின் பழைய குடிகளும்

தாய்லாந்து தேசத்தின் புக்கெட் தீவிலுள்ள கிழக்குத் துறைகளிலிருந்து, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், காலை வேளையில் வரிசையாகப் புறப்படும் அதிவேக விசைப்படகுகள், இரண்டு அல்லது மூன்று அவுட்போர்டு எஞ்சின்களின் பலத்தால் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்து, பீபீ தீவுக் கூட்டத்தை அடைகின்றன. மாயா குடாவின் மணலில் சிறிது நேரம் நடப்பதும், செங்குத்தான பாறைகள் சூழ்ந்த பிலே காயலின் பச்சை நீரைச் சுற்றி வருவதும், வைக்கிங் குகை என்று வழங்கும் பெருங்குகையின் வாயிலைப் படகிலிருந்தபடியே பார்ப்பதும், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து பவளப்பாறைகளின் மேல் மிதப்பதும், பீபீ டோன் தீவில் மத்தியானபோஜனம் செய்து மூங்கில் தீவின் நிழலில் இளைப்பாறுவதுமாகப் பகல் கழிய, அந்தி சாய்வதற்கு முன்னரே பிரயாணிகள் புறப்பட்ட துறைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இத்தீவுகள் மனித சஞ்சாரமின்றிக் கிடந்து நம் காலத்தில்தான் உலகத்தாரின் கண்ணில் பட்டவை என்ற எண்ணம் அப்படகுகளில் ஏறுகிறவர்களிடம் பெரும்பாலும் காணப்படுகிறது. பிரயாணத்தை நடத்துகிறவர்களும் அந்த எண்ணத்தை வளர்க்கவே விரும்புகிறார்கள். ஆயினும் அந்த ஒருநாட் பிரயாணத்தில் படகு நிற்கும் இடங்களில், யாரேனும் ஒரு கூட்டத்தார் தலைமுறை தலைமுறையாக உழைத்துப் பிழைத்த இடமாக இல்லாதது ஒன்றேனும் உண்டா என்பது சந்தேகமே. அந்த உழைப்பின் சரித்திரம் அக்கடலின் நீரழகைக் காட்டிலும் நம் கவனத்துக்கு உரியது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கரைக்கும் தமிழகத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழமையானது. பீபீ தீவுகள் அடங்கிய கிராபி மாகாணத்தில், குளோங் தோம் என்னும் ஊரை அடுத்த குவான் லுக் பட் மேட்டில், மணி செய்யும் தொழிலாளர்கள் உருக்கியும் அறுத்தும் துளையிட்டும் விட்டுச்சென்ற கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் ஏராளமாக மண்ணில் கிடைத்திருக்கின்றன. அவற்றோடு அங்கே அகப்பட்ட பொருள்களுள் ஒன்று, பொற்கொல்லர்கள் பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கும் உரைகல். அந்தச் சிறிய கல்லின் மேல், கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று அறிஞர் கருதும் பிராமி எழுத்தில், அது பெரும்பதன் என்பவனுடைய கல் என்ற செய்தி தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசனும் அல்லாத, புலவனும் அல்லாத ஒரு தொழிலாளியின் பெயர் தன் கைக்கருவியோடு கடல் கடந்து சென்று, பதினாறு பதினேழு நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து, மறுபடியும் வெளிப்பட்டிருப்பதைப் போன்ற பாக்கியம் சரித்திரத்தில் எளிதில் வாய்ப்பதில்லை.

அதற்கு வடக்கே, சிமிலான், சூரின் தீவுகளுக்குச் செல்லும் படகுகள் இன்று புறப்படுகின்ற பாங்ஙா மாகாணத்தில், தக்குவா பா என்னும் பழைய துறை இருக்கிறது. அங்கே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம், அவனிநாரணம் என்று பெயரிட்டு வெட்டப்பட்ட ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்னும் வணிகர் குழுவினரின் பாதுகாப்பில் ஒப்படைத்த செய்தியைக் கூறுகிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். இராஜேந்திர சோழனின் கடற்படை பதினோராம் நூற்றாண்டில் வென்றதாக அவனுடைய மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்தும் ஊர்களுள் தலைத்தக்கோலம் என்பதும் இந்தப் பிரதேசமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். வணிகம் செய்ய வந்தவர்கள் எதற்காகக் குளம் வெட்ட வேண்டும் என்று கேட்கலாம். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், வங்கக் கடலைக் கடந்து அக்கரை சேர்ந்த மரக்கலம் நினைத்த நாளில் திரும்ப இயலாது. காற்றுத் திசை மாறும் வரையில் மாதக்கணக்கில் அங்கேயே தங்கியாக வேண்டும். தங்குகிறவர்களுக்குக் குடிநீரும், வழிபட ஒரு தெய்வமும், சரக்கைக் காக்க ஆட்களும் வேண்டும். காற்றின் அந்த ஆட்சி இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும் காலமாகிய மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையில் சிமிலான், சூரின் தீவுகளுக்குப் பிரயாணிகள் போவது நிறுத்தப்படுகிறது. எத்தனை எஞ்சின் பூட்டிய படகானாலும் அந்த ஐந்து மாதமும் அது கரையில்தான் நிற்கவேண்டும்.

புக்கெட் தீவை ஐரோப்பியர் ஜங்க் சிலோன் என்று அழைத்துவந்தனர். அவர்களை அங்கே இழுத்தது வெள்ளீயம். சீனரும் மலாய்க்காரரும் போர்த்துக்கேசியரும் டச்சுக்காரரும் அந்த உலோகத்தை நாடி அங்கே போட்டியிட்ட காலத்திலேயே, சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களும் அத்தீவில் இடம் பிடித்திருந்தார்கள். 1670-களில் வங்கக் கடலின் துறைகளில் வியாபாரம் செய்து திரிந்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கிலேயர், அவர்கள் அங்கே வாழ்ந்ததைத் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சோழமண்டலக் கரையின் நெசவுத்துணி அங்கே போயிற்று. வெள்ளீயமும் யானைகளும் இங்கே வந்தன. 1785-ல் பர்மியப் படை புக்கெட்டை முற்றுகையிட்டபோது, அப்போதுதான் காலமான ஆளுநரின் மனைவியாகிய சான் என்னும் மாதரசியும் அவருடைய தங்கை மூக் என்பவரும் ஜனங்களைத் திரட்டி நின்று ஊரைக் காத்தனர். முற்றுகை நீங்கிய பின் நேர்ந்த உணவுப் பஞ்சத்தில், அரிசி அனுப்பி உதவவேண்டுமென்று, பின்னர் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டுக்குச் சான் எழுதிய கடிதங்கள் லண்டனில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. வீரச்செயலைக் காட்டிலும், அதற்குப் பின் வந்த பசியை ஒளிக்காமல் காட்டும் அந்தக் கடிதங்களே என் மனத்தை அதிகமாகத் தொடுகின்றன.

இனிப் பீபீ லே தீவின் குகைக்கு வருவோம். வைக்கிங் குகை என்பது பிற்காலத்தார் இட்ட பெயர். அதன் சுவரில் தீட்டப்பட்ட படங்களுள் ஒன்று வடஐரோப்பியக் கடலோடிகளின் கப்பலைப் போலத் தோன்றியதால் அப்பெயர் நிலைத்துவிட்டது. உள்ளூரார் அதை நாகராஜனின் குகை என்றே சொல்லிவந்தார்கள். சீன ஜங்க்குகளும் ஐரோப்பியப் பாய்க்கப்பல்களும் அச்சுவரில் வரையப்பட்டிருப்பதைக் கொண்டு, அந்த வழியே சென்ற மாலுமிகள் காற்றுக்கும் புயலுக்கும் ஒதுங்கி அங்கே தங்கியிருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம்.

ஆனால் அக்குகையின் உண்மையான செல்வம் அதன் கூரையில் இருக்கிறது. உழவாரக் குருவி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவை, இருளிலே ‘டிக் டிக்’ என்று ஒலியெழுப்பி அதன் எதிரொலியால் வழியறிந்து பறந்து, தன் உமிழ்நீரையே இழை இழையாகப் பாறையில் ஒட்டி உலரவிட்டு, வெண்மையான கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டுகிறது. அந்தக் கூட்டை நீரில் ஊறவைத்துச் சுத்தம் செய்து காய்ச்சிய ரசத்தைத் தேகபுஷ்டி தரும் அருமருந்தாகச் சீனர்கள் போற்றுவதால், பல நூற்றாண்டுகளாக அதற்கு உயர்ந்த விலை உண்டு. மூங்கில்களை ஒன்றோடொன்று கொடிகளாலும் கயிற்றாலும் கட்டி, குகையின் கூரை வரையில் சாரம் எழுப்பி, வெறுங்காலோடு ஏறி, ஒரு கையால் பற்றிக்கொண்டு மறுகையால் கூட்டைப் பெயர்ப்பது அத்தொழிலாளரின் வழக்கம். சாரம் ஏறுவதற்கு முன் குகையின் தெய்வத்துக்குப் படையல் வைத்து வணங்குவார்கள். முதலில் கட்டிய கூட்டை எடுத்தால் குருவி மறுபடியும் கட்டும். அதையும் எடுத்தால் மூன்றாவது முறையும் கட்டும். அந்த மூன்றாவது கூட்டைக் குஞ்சு பொரித்துப் பறந்துபோகும் வரையில் தொடலாகாது என்பது தொழிலின் தர்மம். அதை மீறிய இடங்களில் குருவிக் கூட்டம் குறைந்து தொழிலும் அழிந்திருக்கிறது.

இந்தக் கூடுகளின் மேல் ராஜாங்கத்துக்கு எப்போதும் கண் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் தாக்சின் மன்னர் காலத்தில், சோங்கலா ஏரித் தீவுகளிலுள்ள பறவைக்கூடுகளைச் சேகரிக்கும் குத்தகையைப் பெற்ற ஒரு சீனர், அந்த வருமானத்தின் பலத்தால் படிப்படியாக உயர்ந்து அந்நகரத்தின் ஆளுநராகவே ஆனார். அவருடைய சந்ததியார் பல தலைமுறை அப்பதவியை வகித்தனர். பீபீ லேயின் குகையும் இன்றுவரை அரசாங்கக் குத்தகைக்கு உட்பட்டதே. பிரயாணிகளின் படகுகள் வாயிலருகே வேகம் குறைத்து நின்று, உள்ளே மூங்கில் சாரங்கள் தொங்குவதைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. உள்ளே செல்ல அனுமதியில்லை. இது மிகவும் நியாயமான கட்டுப்பாடு. அங்கே பிறர் பிழைப்பு நடக்கிறது.

தீவுகளின் நிலத்துக்கு இவ்வாறு வணிகரும் குத்தகைதாரரும் உரிமை கொண்டாடிய காலம் முழுவதிலும், நீரைத் தம் வீடாகக் கொண்டிருந்தவர்கள் வேறு சிலர். பர்மாவின் மெர்குயி தீவுக்கூட்டம் தொடங்கித் தெற்கே மலாய்க் கடல் வரையில் பரவி வாழ்ந்த அவர்களுள் மோக்கென், மோக்லென், உராக் லாவோய் என்று மூன்று பிரிவினர் தாய்லாந்துக் கரையில் இருக்கிறார்கள். மோக்கென் குடும்பத்தார் வறண்ட மாதங்களை ‘கபாங்’ என்னும் தங்கள் படகிலேயே கழித்து, பருவமழைக் காலத்தில் மட்டும் ஏதேனும் ஒரு தீவின் ஒதுக்கமான கரையில் குடிசை கட்டித் தங்குவார்கள். ஒரே பெருமரத்தைக் குடைந்து, நெருப்புக் காட்டி விரித்து அடித்தளமாக்கி, முள்நீக்கிய பனையினத்து மட்டைகளை அடுக்கிப் பக்கச்சுவர் எழுப்பி, தாழையோலைப் பாயைக் காற்றுக்கு விரித்த பழைய கபாங்கில் பிறப்பும் விவாகமும் மரணமும் நடந்தன. கடலட்டை, சிப்பி, சங்கு, ஆமையோடு முதலியவற்றை மூழ்கி எடுத்துவந்து, ‘தவுக்கே’ என்னும் சீன அல்லது மலாய் இடைத்தரகரிடம் கொடுத்து அரிசி பெறுவது அவர்களுடைய வியாபாரம். அந்தப் பண்டமாற்றில் அவர்கள் பெரும்பாலும் கடனாளிகளாகவே வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டும். சில தரகர்கள் அபினியைக் கொடுத்தே அவர்களைக் கட்டிவைத்தார்கள்.

நீருக்குள் மனிதக் கண்ணுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிவதே இயற்கை. அப்படியிருக்க, மோக்கென் சிறுவர்கள் கண்ணாடியின்றி மூழ்கி, மணலோடு மணலாகக் கிடக்கும் சிறு சிப்பிகளைத் தேர்ந்து எடுப்பதைக் கண்டு வியந்தவர்கள் பலர். சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளரான அன்னா கிஸ்லென் என்பவர் சூரின் தீவுகளில் அச்சிறுவர்களைச் சோதித்து, ஐரோப்பியச் சிறுவர்களைப் போல் இரு மடங்கு நுட்பமாக அவர்கள் நீருக்கடியில் காண்கிறார்கள் என்று 2003-ல் வெளியிட்டார். நீரில் மூழ்கியவுடன் அவர்கள் தங்கள் கண்மணியின் பாவையை மிகச் சிறியதாகச் சுருக்கி, பார்வையையும் அதற்கேற்பக் குவிக்கிறார்கள். அதைவிட அதிசயமானது அடுத்த சோதனை. சுவீடன் சிறுவர்களுக்கும் தொடர்ந்து பயிற்சி அளித்தபோது அவர்களும் அதே திறனை எய்தினார்கள். ஆகவே அது பிறவியில் வந்த விசேஷம் என்று சொல்வதற்கில்லை. வாழ்க்கை முறை கொடுத்த கல்வி.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் இந்தக் கல்விக்கு மாற்றாகப் பட்டணவாசிகள் கண்ட உபாயங்கள். யானை நீரைக் கடக்கையில் துதிக்கையை உயர்த்தி மூச்சு விடுவதை, முக்குளிப்போர் கையாளும் சுவாசக்கருவியோடு அரிஸ்டாட்டில் ஒப்பிட்டிருப்பதால், குழாயின் யோசனை கிரேக்கர் காலத்திலேயே இருந்தது தெரிகிறது. காலில் பூட்டும் ரப்பர்த் துடுப்புக்குப் பிரான்ஸ் தேசத்துக் கடற்படை அதிகாரி லூயி த கொர்லியே 1933-ல் உரிமம் பெற்றார். ரப்பரும் பிளாஸ்டிக்கும் மலிந்த பின், நீந்தத் தெரியாதவனும் ஒரு மிதவைச் சட்டையின் உதவியால் பவளப்பாறையைக் குனிந்து பார்க்கும் சௌகரியம் உலகெங்கும் ஏற்பட்டது. அதை நான் குறைவாக மதிக்கவில்லை. கடலுக்கடியிலுள்ள ஜீவராசிகளை ஒருமுறை கண்ணால் கண்டவன் அவற்றை அழிக்க எளிதில் மனம் துணியமாட்டான்.

பீபீ டோன் தீவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்தவை முஸ்லிம் மீனவர்களின் குடிசைகளும், உராக் லாவோய் மக்களின் ஒரு சிறு குடியிருப்பும், தென்னந்தோப்புகளுமே. புக்கெட்டோ அப்போதும் வெள்ளீயத்தாலேயே வாழ்ந்தது. ஆஸ்திரேலியரான எட்வர்டு மைல்ஸ் என்பவர் 1907-ல் துங்கா குடாவில் கடலடி மண்ணை வாரும் இயந்திரக் கப்பலைக் கொண்டுவந்தது முதல், ஈயம் தோண்டும் தொழில் நிலத்தோடு நில்லாமல் நீருக்குள்ளும் இறங்கியது. கலங்கிய சேறு பவளப்பாறைகளின் மேல் படிந்தது. 1985-ல் உலக வெள்ளீயச் சந்தை திடீரென்று சரிந்தபோது அத்தொழில் முறிந்தது. அதற்குள் வேறொரு வருமானம் தலைகாட்டியிருந்தது. 1974-ல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் திரைப்படம் ஒன்று பாங்ஙா குடாவின் சுண்ணாம்புப் பாறைகளை உலகுக்குக் காட்டியிருந்தது. சூரின் தீவுகள் 1981-லும், சிமிலான் 1982-லும், பீபீ 1983-லும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. வால் போன்ற நீண்ட தண்டின் நுனியில் சுழலியைப் பொருத்தி, கார் எஞ்சினால் ஓட்டும் உள்ளூர்ப் படகுகளே முதலில் பிரயாணிகளை ஏற்றிச் சென்றன. அவற்றின் முகப்பில் மே யா நாங் என்னும் படகுத் தெய்வத்துக்காக வண்ணத் துணிகளும் மாலைகளும் கட்டியிருப்பதை இன்றும் காணலாம். காலக்கிரமத்தில் பைபர்கிளாஸ் விசைப்படகுகள் பெருகி, ஒரு பகலுக்குள் நான்கைந்து தீவுகளைக் காட்டிவிடும் வழக்கத்தை உண்டாக்கின.

2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது, இரு குடாக்களுக்கும் இடையே கடல்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த மணல் இடுக்கில் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்த பீபீ டோனின் விடுதிகளும் கடைகளும் இரு புறமும் பாய்ந்த நீரால் வாரிச் செல்லப்பட்டு, பெருந்தொகையான உயிர்கள் மாண்டன. அதே நாளில் சூரின் தீவில், கடல் அளவுக்கு மீறி உள்வாங்குவதைக் கண்ட மோக்கென் முதியவர்கள், தங்கள் மூதாதையர் சொல்லிவந்த ‘லாபூன்’ என்னும் மனிதர்களை விழுங்கும் அலை வரப்போகிறதென்று உணர்ந்து, குழந்தைகளையும் அங்கிருந்த பிரயாணிகளையும் மேட்டுக்கு விரட்டினார்கள். கிராமம் அழிந்தது, ஏறக்குறைய எல்லோரும் உயிர் பிழைத்தனர். எழுத்தில்லாத ஒரு ஜனசமூகத்தின் வாய்மொழிக் கதை, அத்தனை விடுதிகளிலும் இல்லாத ஓர் எச்சரிக்கையை வைத்திருந்தது.

மாயா குடாவின் வரலாறு வேறு விதமானது. 1999-ல் அங்கே ஒரு ஹாலிவுட் திரைப்படத்துக்காக மணற்கரையை மாற்றியமைத்ததை எதிர்த்து உள்ளூர் நிர்வாகத்தார் தொடுத்த வழக்கு, இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. படம் வெளியானபின் கூட்டம் பெருகி, ஒரே நாளில் 5,000 பேர் வரை அந்தச் சிறு கரையில் இறங்கினார்கள். நங்கூரங்களும் சுழலிகளும் மிதிக்கும் கால்களும் உடலில் பூசிய எண்ணெய்களுமாகச் சேர்ந்து பவளத்தைப் பெருமளவு அழித்துவிட்டன. 2018 ஜூன் முதல் தேதி நான்கு மாதத்துக்கென்று அடைக்கப்பட்ட குடா, சேதத்தின் அளவு தெரிந்த பின் 2022 ஜனவரி வரையில் திறக்கப்படவில்லை. அந்த இடைக்காலத்தில் பவளத் துண்டங்களை நட்டு வளர்த்தார்கள். துடுப்பு நுனி கறுத்த பாறைச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் தாமாகவே திரும்பி வந்தன. இப்போது படகுகள் குடாவுக்குள் நுழையலாகாது. பின்புறத்திலுள்ள லோ சாமா குடாவில் இறங்கி நடந்து வரவேண்டும். குடாவில் நீந்தத் தடை. ஆண்டுதோறும் இரண்டு மாதம் முழு ஓய்வு. சிமிலானிலும் 2018 முதல் நாளொன்றுக்கு 3,850 பேர் என்று வரம்பு கட்டி, இரவு தங்குவதை நிறுத்தினார்கள். பவளத்துக்குக் கேடு செய்யும் ரசாயனங்கள் கலந்த வெயிற்பூச்சுகள் 2021 முதல் எல்லாக் கடற்பூங்காக்களிலும் தடை செய்யப்பட்டுள்ளன. மூன்றாவது கூட்டைத் தொடாதே என்று குகைத் தொழிலாளர் வைத்திருந்த விதியின் நோக்கமே இவற்றிலும் இருக்கிறது. அதைப் பின்பற்ற நமக்கு ஒரு குடா முழுவதும் பாழாக வேண்டியிருந்தது.

கடல் மக்களின் நிலை அத்தனை திருத்தமாக இல்லை. புக்கெட்டின் ராவாய் கரையில் அவர்கள் பல தலைமுறையாக வாழும் நிலத்துக்குப் பத்திரம் கையில் வைத்திருப்பவர் வேறு யாரோ என்பதால் வழக்குகள் நடந்தன. சூரின் தீவு மோக்கென் கிராமம் 2019 பிப்ரவரியில் தீப்பற்றி எரிந்து மீண்டும் கட்டப்பட்டது. அங்கே ஆடவர் பலர் பிரயாணிகளின் படகுகளில் வேலை செய்கிறார்கள், பெண்கள் தாழை மடலில் பின்னிய பொருள்களை விற்கிறார்கள். அவர்கள் உணவுக்காக மீன் பிடிக்கலாம், கடலட்டை வியாபாரம் கூடாது. குடிசை போடலாம், கபாங்குக்கு வேண்டிய பெருமரத்தை வெட்டக்கூடாது. பூங்காவின் விதி எல்லோருக்கும் பொதுவென்று அதிகாரிகள் சொல்லுவார்கள். ஆனால் ஒரு கபாங்குக்குத் தேவையான மரம் ஒன்றே; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, முதியவர்கள் தேர்ந்து காட்டும் அந்த ஒரு மரத்துக்கு அனுமதி கொடுத்தால் காட்டுக்குக் கேடு வராது. அடித்தளம் குடையவும் நெருப்புக் காட்டி விரிக்கவும் அறிந்த கைகள் இன்னும் சில இருக்கையிலேயே அதைச் செய்தாக வேண்டும்.